சோதினை இல்லாத வகுப்பு

“சோதினை இருக்குதோ தம்பி?” ரீச்சர் முதலில் கேட்டது இதைத்தான். இல்லை என்றேன். “சேர்ட்டிபிக்கேற்?” அதுவும் இல்லை என்றேன். “அப்ப உது என்ன படிப்பு?”

தேத்தண்ணி இன்னும் ஊற்றவே இல்லை, அதற்குள் மூன்று கேள்வி. அவர் கையில் நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு துண்டுத்தாள். யூ-த்ரீ-ஏ என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே ஓவியம், வரலாறு, இத்தாலிய மொழி, நடை, சீட்டு விளையாட்டு என்று பட்டியல் நீண்டது. மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் என்று பேர் வைத்துவிட்டு அதற்குள் சீட்டுக்கட்டைக் கொண்டுபோய் வைத்தது யார் என்று ஒரு கணித ஆசிரியர் சந்தேகப்படுவது நியாயம்தான்.

ரீச்சர் எழுபதைத் தாண்டியவர். ஊரில் ஓய்வுபெறும் வரைக்கும் கணிதம் படிப்பித்தவர். இப்போது மெல்பேர்ணின் கேரம் டவுன்ஸில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். காலையில் பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, பின்னேரம் கூட்டிவருவது, வெள்ளிக்கிழமை சிவா விஷ்ணு கோயில் என்று கிழமை ஓடிவிடுகிறது. இதே கால அட்டவணையோடு வாழும் அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர். ஆகையால் அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நீங்களும் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். விஷயம் கொஞ்சம் நீளம்.

இந்த மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் பிரான்ஸில் தொடங்கியது. 1968இல் அங்கே மாணவர் கிளர்ச்சி நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டின் கடைசியில் வந்த உயர்கல்விச் சட்டம், இளைஞருக்கு மட்டுமல்லாமல் வாழ்நாள் முழுவதும் கல்வி கொடுப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்றது. அந்தக் கடமையை முதியவர் பக்கம் திருப்பியவர் துலூஸ் நகரத்துச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டம் படிப்பித்த பேராசிரியர் பியர் வெல்லாஸ். 1973இல் ஓய்வுபெற்றவர்களுக்கென்று அங்கே வகுப்புகளைத் திறந்தார். விரிவுரை மண்டபம் இருக்கிறது, பேராசிரியர்கள் இருக்கிறார்கள், விடுமுறைக் காலத்தில் இரண்டுமே சும்மா கிடக்கின்றன. வெளியே நகரத்தில் முதியவர்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை. இரண்டே ஆண்டில் பல நாடுகளில் அது பரவி, 1975இல் சர்வதேச அமைப்பே உருவாகிவிட்டது.

இங்கிலாந்துக்கு வரும்போது கதை திரும்பியது. 1981இல் கேம்பிரிட்ஜில் மூன்று பேர் இதைக் கையில் எடுத்தார்கள்: வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட், சமூகவியலாளர் மைக்கேல் யங், கல்வியாளர் எரிக் மிட்விண்டர். பல்கலைக்கழகங்களின் வாசலில் போய்க் காத்திருக்க இவர்களுக்கு விருப்பமில்லை. அந்தக் காலத்து மார்கரெட் தாட்சர் அரசிடம் காசு கேட்டுப் பயனுமில்லை. ஆகவே பேராசிரியரே வேண்டாம் என்றார்கள். ஓய்வுபெற்றவர்களுக்குள்ளேயே மருத்துவர் இருக்கிறார், பொறியியலாளர் இருக்கிறார், தையற்காரி இருக்கிறார், கப்பலோட்டி இருக்கிறார். இன்றைக்குப் படிப்பிக்கிறவர் நாளைக்குப் படிக்கட்டும், படிக்கிறவர் படிப்பிக்கட்டும். சம்பளம் கிடையாது, சோதினை கிடையாது, பட்டமும் கிடையாது.

ரீச்சர் இந்த இடத்தில் தேத்தண்ணியை ஊற்றுவதை நிறுத்திவிட்டார். “சம்பளம் இல்லாமல் ஆர் படிப்பிப்பினம்?”

“நீங்கள் ஊரில பின்னேர வகுப்பு எத்தினை பிள்ளையளுக்குச் சும்மா எடுத்தனீங்கள்?”

சிரித்தார். பதில் சொல்லவில்லை.

இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். பிரெஞ்சு வழியில் முதியவர் மாணவர். பல்கலைக்கழகம் கொடுக்கிறது, அவர் பெற்றுக்கொள்கிறார். அமெரிக்காவில் பெர்னார்ட் ஓஷர் அறக்கட்டளையின் காசில் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஐம்பது வயது கடந்தோர் வகுப்புகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம் சாய்ந்தவைதான்; வளாகம் உண்டு, நூலகம் உண்டு, இளம் மாணவர்களோடு ஒரே சிற்றுண்டிச்சாலையில் கோப்பி குடிக்கலாம். சீனாவில் அரசே முதியோர் பல்கலைக்கழகங்களை நடத்துகிறது. ஆங்கிலேயர் வழியில் முதியவர்தான் நிறுவனம். மண்டபத்தைத் திறப்பதும், கதிரை அடுக்குவதும், கணக்கு எழுதுவதும், பாடம் எடுப்பதும் அவர்களே. ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது வழி. 1984இல் முதன்முதலாகத் தொடங்கியது நமது மெல்பேர்ணில்தான். இன்றைக்கு விக்ரோரியா மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. கேரம் டவுன்ஸ்காரருக்கு மிகக் கிட்டியது பிராங்ஸ்ரனில் இருக்கிறது.

நடைமுறை மிக எளிது. முழுநேர வேலையில் இல்லாதவராக இருக்க வேண்டும். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை சந்தா, அது பெரும்பாலும் நூறு டொலருக்குள் அடங்கும். அந்தச் சந்தாவைக் கட்டிவிட்டால் இடமிருக்கிற எந்த வகுப்பிலும் போய் இருக்கலாம். ஒரு சில வகுப்புக்கு மட்டும் பொருட்செலவு தனி. முன்பு என்ன படித்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள். வகுப்புகள் வார நாட்களில், பகல் நேரத்தில். பல சங்கங்களின் தவணையும் பள்ளிக்கூடத் தவணையோடு சேர்ந்தே போகும். இதை யாரோ பேரப்பிள்ளை பார்க்கிறவர்களை நினைத்தே போட்டிருக்க வேண்டும்: காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு, பின்னேரம் மூன்றேகாலுக்கு வாசலில் நிற்பதற்குள் ஒரு வகுப்பும் ஒரு தேத்தண்ணியும் தாராளமாக முடியும். பிள்ளைகளுக்கு விடுமுறை வந்தால் வகுப்புக்கும் விடுமுறை.

இனி ரீச்சரின் முதற் கேள்விக்கு வருகிறேன். சோதினை இல்லாத படிப்பு என்ன படிப்பு என்று அவர் கேட்டதை நான் பகிடியாக எடுக்கவில்லை. அவருடைய தலைமுறைக்குச் சோதினை என்பது வேறு பொருள். 1971இல் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவ பீடத்துக்கு நானூறு புள்ளிகளில் சிங்கள மொழி மாணவருக்கு 229 போதும், தமிழ் மொழி மாணவருக்கு 250 வேண்டும் என்று வெட்டினார்கள். பொறியியலிலும் இதே கதை. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்துகொண்டது. அப்போது பத்தொன்பது இருபது வயதில் இருந்தவர்கள் இப்போது எழுபதுகளில் இருக்கிறார்கள். அதாவது கேரம் டவுன்ஸிலும் டண்டினோங்கிலும் பேரப்பிள்ளையின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களில் பலர், ஏழெட்டுப் புள்ளியில் பல்கலைக்கழக வாசலில் நின்று திரும்பியவர்கள். ரீச்சரும் அவர்களில் ஒருவர். பலாலி ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குப் போனார், நல்ல ஆசிரியரானார், அது வேறு. ஆனால் பல்கலைக்கழகம் என்ற சொல்லைக் கண்டதும் அவர் கண் துண்டுத்தாளில் நின்றதற்குக் காரணம் அந்த ஏழெட்டுப் புள்ளிதான் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு சின்ன வினோதம் உண்டு. கேம்பிரிட்ஜ் மூவரில் ஒருவரான மைக்கேல் யங், புள்ளியையும் அளவெடுத்த திறமையையும் மட்டும் வைத்து மனிதரைத் தரம்பிரிக்கும் ஒரு சமூகம் எவ்வளவு கொடூரமாக இருக்கும் என்று 1958இலேயே ஒரு நையாண்டி நூல் எழுதியவர். இருபது வருடத்துக்கு மேல் கழித்து, புள்ளியே போடாத ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கால்கோள் இட்டார். யாழ்ப்பாணத்தார் வாசிக்க வேண்டிய மனுசன்.

“எனக்கு உண்மையான பட்டம் வேணுமெண்டால்?” ரீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டார், மருமகள் காதில் விழுந்துவிடும் என்பதுபோல.

அதற்கும் வழி இருக்கிறது. கனடாவில் வரதலட்சுமி அல்லது வரதா சண்முகநாதன் என்று செய்தித்தாள்களில் வந்தவரைப் பற்றி நீங்கள் வாசித்திருக்கலாம். வேலணையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்து, பல நாடுகளில் ஆங்கிலம் படிப்பித்து, ஐம்பது வயதையொட்டி லண்டன் பர்க்பெக்கில் மொழியியலில் முதுகலை எடுத்தார். 2004இல் மகளோடு இருக்கக் கனடா போனார். ரொறன்ரோ யோர்க் பல்கலைக்கழகம் அறுபது வயது கடந்தவர்களிடம் படிப்புக் கட்டணம் அறவிடுவதில்லை என்று தெரிந்ததும், 2019இல் அரசியல் விஞ்ஞானத்தில் இரண்டாவது முதுகலைக்குப் போய்ச் சேர்ந்தார். இலங்கைப் போரும் அமைதிக்கான வாய்ப்பும்தான் அவர் ஆராய்ந்த பொருள். 2022 நவம்பரில் பட்டம் வாங்கும்போது வயது 87. ஒன்ராறியோ சட்டமன்றத்தில் அவரை அழைத்துப் பாராட்டினார்கள். அவர் பட்ட உடுப்போடு நிற்கும் படம் நம் ஆட்களின் கைபேசிகளில் சுற்றோ சுற்றென்று சுற்றியது. பார்த்தவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பது வேறு கேள்வி.

ஆஸ்திரேலியாவில் வயதை வைத்துக் கட்டணத்தை விட்டுவிடும் வழக்கம் பொதுவாக இல்லை. ஆனால் இங்கே ஹெக்ஸ் என்று சொல்லும் மாணவர் கடன் இருக்கிறது. நம் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கடனில்தான் படிக்கிறார்கள். அதற்கு வயது எல்லை கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. குடியுரிமை எடுத்தவராக இருந்து, பல்கலைக்கழகத்தில் அரச மானிய இடம் கிடைத்தால், எழுபது வயதிலும் அந்தக் கடனை எடுக்கலாம். நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவர்களுக்கு மானிய இடம் கிடைத்தாலும், அகதி விசா போன்ற சில வகையினரைத் தவிர மற்றவர்கள் முற்பணமாகக் கட்ட வேண்டும். கட்டணம் பாடத்துக்குப் பாடம் மாறும். 2021இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு வரலாறு, அரசியல் போன்ற கலைப் பாடங்களுக்கு விலை ஏறிவிட்டது. 2025 கணக்குப்படி முழுநேரமாகப் படித்தால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 17,000 டொலர். கணிதத்துக்கு அதே கணக்கில் 4,600 டொலர் சொச்சம்தான்.

ரீச்சர் முகத்தில் வெளிச்சம். “கணிதம் மலிவோ?”

மலிவு. அதுமட்டுமல்ல. 2025-26 நிதியாண்டுக் கணக்குப்படி ஆண்டு வருமானம் 67,000 டொலரைத் தாண்டினால்தான் கடனைத் திருப்பத் தொடங்க வேண்டும். ஓய்வூதியத்தில் இருப்பவருக்கு அந்த எல்லை எட்டாத தூரம். வாங்கியவர் இறந்துவிட்டால் மிச்சக் கடன் தள்ளுபடி. பிள்ளைகள் தலையில் விழாது.

“செத்தால் கடன் முடிஞ்சுதோ? இதை முதலே சொல்லியிருக்கலாமே!”

ஆனால் அவருக்குச் சொன்ன எச்சரிக்கையை உங்களுக்கும் சொல்ல வேண்டும். பிராங்ஸ்ரனில் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று இருக்கிறது. 1959இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கிய இடம். கிட்டத்தான். ஆனால் இப்போது அங்கே பெரும்பாலும் தாதியர் பயிற்சி, உடற்சிகிச்சை போன்ற படிப்புகள். கணிதம் என்றால் கிளேற்றனுக்குப் போக வேண்டும், அல்லது இணையவழியில் படிக்க வேண்டும். ஓப்பன் யூனிவர்சிற்றீஸ் ஆஸ்திரேலியா என்ற ஏற்பாட்டில் பல பாடங்களை முன்தகுதி கேட்காமல் ஒன்று ஒன்றாக எடுத்துப் பார்க்கலாம். அங்கே ஒப்படை உண்டு, கெடு உண்டு, சோதினை உண்டு, இரவு பன்னிரண்டு மணிக்குக் கணினி அடம்பிடிக்கும் அனுபவமும் நிச்சயம் உண்டு. எழுபது வயதில் அந்த அழுத்தம் வேண்டுமென்று நினைப்பவர்கள் தாராளமாகப் போகலாம். என் கருத்தைக் கேட்டால், முதலில் ஒரு தவணை யூ-த்ரீ-ஏயில் இருந்து பாருங்கள் என்பேன். ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கவும், கேள்வி கேட்கவும் பழகிய பிறகு பல்கலைக்கழகம் அவ்வளவு பயமுறுத்தாது.

ஆங்கிலம் என்றதும் நினைவுக்கு வருகிறது. “உவையின்ர இங்கிலீஸ் விளங்காது” என்பதுதான் நம் முதியவர்கள் எல்லோரும் சொல்லும் முதற் காரணம். ஓரளவு உண்மை. ஆனால் அதில் ஒரு பங்கு மொழியின் குற்றமல்ல, காதின் குற்றம். வயது போகப் போக மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் முதலில் மங்கும். பழகிய தமிழில் மூளை அந்த இடைவெளியை நிரப்பிவிடும், பழகாத உச்சரிப்பில் முடியாது. அதனால் வீட்டில் நன்றாகக் கேட்கிற ஆள் வெளியே போனதும் திணறுகிறார். காது மங்குவதன் கேடு அதோடு நிற்பதில்லை. மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களை வரிசைப்படுத்திய லான்செற் ஆணைக்குழு, 2024 அறிக்கையில் பதினான்கு காரணங்கள் சொன்னது. செவிப்புலன் குறைபாடு, தனிமை, கல்விக் குறைவு மூன்றும் அதில் இருக்கின்றன. ஓய்வூதியச் சலுகை அட்டை வைத்திருப்பவர்களுக்கு அரசின் செவிப்புலன் சேவைத் திட்டத்தில் சோதனையும் கருவியும் இலவசமாகவோ குறைந்த செலவிலோ கிடைக்கும். வகுப்பில் சேர்வதற்கு முன் காதைச் சோதித்துக்கொள்வது நல்லது. கண்ணாடி போட வெட்கப்படாத நாம் காதுக் கருவிக்கு மட்டும் ஏன் வெட்கப்படுகிறோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டாவது காரணம் போக்குவரத்து. கேரம் டவுன்ஸில் ரயில் நிலையம் இல்லை. கார் ஓட்டாதவருக்கு 901 பேருந்துதான் துணை. அது பிராங்ஸ்ரனுக்கும் டண்டினோங்குக்கும் நடுவே இந்த வழியாக ஓடுகிறது. அறுபது தாண்டியவர் மாநில அரசின் முதியோர் அட்டைக்கு விண்ணப்பித்தால் கட்டணம் குறையும். முதல் இரண்டு தடவை மகனோ மகளோ கூடப்போய் எந்தத் தரிப்பில் இறங்க வேண்டும் என்று காட்டிவிட்டால் போதும். அதுவும் முடியாது என்றால் இணையவழி வகுப்பு இருக்கிறது. மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகத்தை முழுக்க இணையத்தில் நடத்தும் முயற்சியே 1990களின் கடைசியில் இதே ஆஸ்திரேலியாவில் தொடங்கியதுதான். ஆனாலும் வீட்டைவிட்டு வெளிக்கிட்டுப் போவதில்தான் பாதிப் பயன் என்பது என் எண்ணம்.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இதை விளக்க லாஸ்லெட்டிடம் திரும்பிப் போக வேண்டும். 1989இல் எழுதிய நூலில் அவர் மனித வாழ்க்கையை நாலாகப் பிரித்தார். முதல் வயது, பிறரை அண்டி வளர்ந்து படிக்கும் காலம். இரண்டாம் வயது, உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் காலம். மூன்றாம் வயது, பொறுப்புகள் குறைந்து, உடம்பும் தெம்பாக இருந்து, தனக்குப் பிடித்ததைச் செய்யும் காலம். நாலாம் வயது, தளர்ந்து மறுபடி பிறரை அண்டும் காலம். இதற்கும் பிறந்த திகதிக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் வாதம். இது வெள்ளைக்காரருக்குப் பொருந்தும். நம் வீடுகளைப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. தன் பிள்ளைகளை வளர்த்து முடித்த கையோடு ஒருவர் விமானம் ஏறி வந்து பேரப்பிள்ளைகளை வளர்க்கத் தொடங்குகிறார். சமையல், உடுப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் மறுபடி ஒரு சுற்று. கடைசிப் பேரன் தானே பேருந்தில் போக ஆரம்பிக்கும்போது முழங்கால் போய்விடுகிறது. இரண்டாம் வயது முடிந்த மறுநாளே நாலாம் வயது வந்துவிடுகிறது. நடுவில் வரவேண்டிய ஒன்று வரவேயில்லை.

இதை யாருடைய கொடுமை என்றும் நான் சொல்லமாட்டேன். பிள்ளை பராமரிப்பு நிலையத்துக்குக் கட்டும் காசு எல்லோருக்கும் தெரியும்; இரண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் வீட்டுக் கடன் அடையும். அம்மம்மாவுக்கும் பேரப்பிள்ளைதான் உயிர். ஆனாலும் கிழமையில் ஒரு காலையை அவருக்கென்று எடுத்துவைப்பது முடியாத காரியமல்ல. நம் மூத்தோர் சங்கங்களின் பஜனையும் சுற்றுலாவும் மதிய உணவும் நல்லவைதான். அவை ஊரை இங்கே கொண்டுவந்து தருகின்றன. இருபது வருடம் வாழ்ந்த இந்த நாட்டை அவை அறிமுகப்படுத்துவதில்லை. அதற்கு இத்தாலியிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ வந்த ஒரு கிழவியின் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார வேண்டும்.

கேரம் டவுன்ஸ் என்ற இடமே முதியவர்களோடு பழைய தொடர்புடையது. 1935இல், பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த குடும்பங்களுக்காக ஜெரார்ட் டக்கர் என்ற பாதிரியார் இங்கே ஒரு குடியேற்றத்தை அமைத்தார். அவர் நிறுவிய புனித லோறன்ஸ் சகோதரத்துவம் இன்றும் மெல்பேர்ணில் இயங்கும் பெரிய சமூகசேவை அமைப்பு. போருக்குப் பிறகு வேலையில்லாப் பிரச்சினை தணிந்ததும் அந்தக் குடியேற்றம் முதியவர்களுக்கான சிறு வீடுகளாக மாறியது. அதே டக்கர் 1953இல், தம் அறுபதுகளின் பிற்பகுதியில், அமைதிக்காக உணவு என்ற இயக்கத்தைத் தொடங்கி இந்தியாவிலிருந்த ஒரு சிறிய சுகாதாரத் திட்டத்துக்குக் காசு அனுப்பிவைத்தார். அதுதான் வளர்ந்து இன்றைய ஒக்ஸ்பாம் ஆஸ்திரேலியா ஆனது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் மனுசன் செய்த வேலை அது.

இதை ரீச்சருக்கு ஏன் சொன்னேன் என்றால், அவர் அதுவரை தன்னை மாணவியாக மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார். எந்த வகுப்பில் சேரலாம், ஓவியமா வரலாறா என்று துண்டுத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரீச்சர், நீங்கள் அங்க போய் ஒண்டைப் படிப்பிக்கலாம்” என்றேன். சங்கங்களுக்கு எப்போதும் பஞ்சம் படிப்பிக்கிறவர்களுக்குத்தான். தகுதிப் பத்திரம் கேட்க மாட்டார்கள். பொருள் தெரிந்திருந்தால் போதும்.

“இந்த வயசில வெள்ளைக்காரருக்கு அட்சரகணிதமோ?”

அட்சரகணிதம் வேண்டாம், கோலம் படிப்பியுங்கள் என்றேன். நம்பாமல் பார்த்தார். புள்ளிக்கோலத்தில் கணிதம் இருக்கிறது. சமச்சீர் இருக்கிறது, கையை எடுக்காமல் ஒரே கோட்டில் சுற்றி முடிக்க முடியுமா என்ற புதிர் இருக்கிறது, சின்னக் கோலத்தை விதிப்படி பெரிதாக்கும் முறை இருக்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இலேயே கோலங்களைக் கணினியியலின் வரிசை இலக்கணங்களோடு சேர்த்து ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். உலகம் முழுதும் அந்தத் துறையில் இருக்கிறவர்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்து வாசலில் மாவால் போட்டதைப் பிராங்ஸ்ரன் மண்டபத்தில் கட்டங்கீறிய தாளில் ஆறு கிழமைக்குப் போட்டுக்காட்ட, முப்பது வருடம் கரும்பலகையின் முன்னால் நின்றவருக்கு என்ன கஷ்டம்? ஆங்கிலம்கூட அதிகம் தேவையில்லை. கோடே பாதியைப் பேசிவிடும்.

ரீச்சர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. துண்டுத்தாளின் பின்பக்கத்தில் புள்ளி வைக்கத் தொடங்கிவிட்டார். ஐந்துக்கு ஐந்து.

இதை வாசிக்கும் மகன்மாருக்கும் மகள்மாருக்கும் ஒரு சொல். அம்மாவையோ அப்பாவையோ கேட்டால் “எனக்கெதுக்கு உதெல்லாம்” என்றுதான் முதலில் சொல்வார்கள். அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். பிராங்ஸ்ரன் யூ-த்ரீ-ஏக்கு நீங்களே ஒரு தொலைபேசி எடுங்கள். எந்த வகுப்பில் இடம் இருக்கிறது, சந்தா கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் இருந்து பார்க்க விடுவார்களா, ஆண்டு நடுவில் சேர்ந்தால் சந்தா குறையுமா என்று கேளுங்கள். படிப்பிக்க ஆள் தேவையா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். புதிய ஆண்டு வகுப்புகள் பள்ளிக்கூடம் திறக்கும் காலத்தில் தொடங்கும். பெயர் பதிவு அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும், நல்ல வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும். கிழமையில் எந்தக் காலை என்பதை மட்டும் அவர்களே தெரிவுசெய்யட்டும். அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளியில் விடுவது உங்கள் பொறுப்பு.